எலிசபெத் சொல்லாமல் விட்ட வார்த்தை

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் பிசானப் பருவத்து நெல் நடவு தொடங்கிவிட்டால் முதலில் கேட்பது எலிசபெத்தின் குரல்தான். நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள் தலைவி. எந்த வயல் என்று பேசி முடிப்பதும், தெருத் தெருவாகப் போய் ஆட்களைக் கூட்டிவருவதும் அவள் பாடு. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் நின்று அவள் பேசினால் அந்தக் கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். சபையில் பெண்கள் சங்கத்து வேதவசனப் போட்டி என்று வந்தால் அவளை யாரும் ஜெயித்ததில்லை. வீட்டு எவர்சில்வர் தம்ளர்களில் பாதி அப்படிப் பரிசாக வந்தவை. புருஷன் சொர்ணராஜ் வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர், வாய் திறப்பது அபூர்வம். கேட்டால், "அவ பேசுததே ரெண்டு பேருக்குக் காணும்" என்பார்.

ஒரு வருஷம் நடவின்போது, கூட வேலை பார்த்த மாரிக்கண்ணு சேற்றிலேயே சாய்ந்துவிட்டாள். கண் சொருகிவிட்டது. மற்ற பெண்கள் அலறினார்கள். எலிசபெத் அவளைத் தூக்கி வரப்பில் கிடத்தி, தலையில் கைவைத்து, தன் முழுக் குரலையும் எடுத்து ஆண்டவரைக் கூப்பிட்டாள். ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். இன்னொருத்தி கருப்பட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். சற்று நேரத்தில் மாரிக்கண்ணு எழுந்து உட்கார்ந்தாள். சுடலைமாடனைக் கும்பிடுகிற வீட்டுப் பெண் அவள். அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: "நான் செத்துல்லா போயிருந்தேன். எலிசபெத்தக்காதான் கூப்பிட்டு எழுப்புனாவ."

எலிசபெத்தின் அண்ணன் மகன் கிங்ஸ்லிக்குத் தச்சநல்லூரில் செல்போன் கடை. கேள்விப்பட்டதும் பைக்கில் வந்து இறங்கினான். மாரிக்கண்ணுவைப் பேசவைத்து வீடியோ எடுத்தான். அதில் தண்ணீர் தெளித்ததும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. கை வைத்தாள், எழுந்தாள், அவ்வளவுதான். எலிசபெத் அதைப் பார்த்தாள். திருத்தச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

வீடியோ பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாத்தான்குளத்திலிருந்து வேன் பிடித்து ஒரு கூட்டம் வந்தது. முட்டுவலி, கடன் தொல்லை, மகளுக்கு வரன் அமையவில்லை என்று ஆளுக்கொரு பாரம். எலிசபெத் எல்லாருக்கும் ஜெபித்தாள். சபைக் கோயிலில் கடைசிப் பாயில் உட்காருகிறவளுக்கு இப்போது போகிற இடமெல்லாம் நாற்காலி போட்டார்கள். "அம்மா வந்தாச்சு" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

கிங்ஸ்லி ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் ஏற்பாடு செய்தான். வாசலில் அவள் படம் போட்ட பேனர். ‘தீர்க்கதரிசினி’ என்று எழுதியிருந்தது. எலிசபெத் அதைப் படித்துவிட்டுக் கிங்ஸ்லியைப் பார்த்தாள்.

"ஏலே, இது எதுக்குலே?"

"யத்தே, விளக்கைக் கொளுத்தி மரக்காலப் போட்டா மூடுவாவ? வேதத்துல இருக்கதுதானே!"

அவளுக்குத் தெரியாத வசனமா? பேனரைத் தாண்டி உள்ளே போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்து அவள் ஜெபிக்கத் தொடங்கியபோது, முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எட்டு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்தபடி மேடையேறினாள். பெயர் முத்துராணி. பிள்ளை சுகன்யாவுக்கு வலிப்பு. முத்துராணி மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"யம்மா, இதை நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாவ. இதைத் தின்னா பிள்ள பள்ளிக்கூடத்துல தூங்கித் தூங்கி விழுதா. சுகமாயிட்டுன்னு கர்த்தர் சொன்னார்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கனயே தூரப் போட்டுருதேன்."

கிங்ஸ்லி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையோரம் வந்தான். மைக்குக்கு எட்டாமல் பையச் சொன்னான்: "சொல்லுங்கத்தே. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும். இதே மாதிரி பிள்ளையப் பத்தித்தான் ஆண்டவரும் சொன்னாரு."

அவன் சொன்னது சரிதான். எலிசபெத்தின் நாக்கு நுனிக்கு அந்த வார்த்தை வந்துவிட்டது. ‘கர்த்தர் சொல்லுதார்.’ அதைச் சொன்னால் போதும், மண்டபம் அதிரும். அந்தத் தாய் காலில் விழுவாள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. அது ஆவியானவர் தரும் அனலா, தன்னுடைய ஆசையா என்று அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. கண்ணை மூடினாள். ‘ஆண்டவரே, நீர் பேசினீரா?’ என்று கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வசனம் நினைவுக்கு வந்தது. பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும் என்றானே, அவனும் வேதத்திலிருந்துதான் எடுத்துச் சொன்னான். தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று சங்கீதத்தைக் காட்டினான். எத்தனையோ தடவை ஒப்புவித்த பகுதி. இன்றைக்குத்தான் அந்த உயரத்தில் தானே நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அதிலும் குதிக்கப்போவது தான்கூட இல்லை, இந்தப் பிள்ளை.

கண்ணைத் திறந்தாள். மைக்கை வாயருகே கொண்டுவந்தாள்.

"உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்றாள். அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை. "தாயி, கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்லாததச் சொன்னார்னு நான் சொல்லமாட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. கிங்ஸ்லியின் கை தாழ்ந்தது.

"ஆண்டவர் அன்னைக்கு அவ்வளவு ஒசரத்துல இருந்து குதிக்கல. படி வழியாத்தான் எறங்கி வந்திருப்பாரு. ஒனக்கு இந்த மாத்திரதான் படி. படிய வச்சுக்கிட்டுப் பிள்ளயத் தள்ளிவிடச் சொல்லுதியா? மாரிக்கண்ணுவுக்கு நான் ஜெபிச்சேன், நெசந்தான். அவ வாயில கருப்பட்டித் தண்ணியும் ஊத்துனோம், அதுவும் நெசந்தான். ரெண்டுமே அவர் குடுத்தது."

மாத்திரை அட்டையை வாங்கி, பிள்ளையின் கைக்குள் வைத்து, அந்தச் சின்னக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொதிந்துகொண்டு முழங்காலிட்டாள். மருந்துக்காக, டாக்டருக்காக, தாயின் பொறுமைக்காக, சுகத்துக்காக ஜெபித்தாள். சிலர் எழுந்து போனார்கள். சிலர் ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் கிங்ஸ்லி வெடித்தான். "எல்லாத்தையும் கெடுத்துட்டிய! ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான்லே. அது அவர் பேரைச் சொல்லிப் பேசுத வார்த்தை. மொதல்ல அந்தப் பேனரக் கழட்டு."

அந்த வாரமே முத்துராணியோடு அவளும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளை தூங்கி விழுவதைத் தானே டாக்டரிடம் எடுத்துச் சொன்னாள். அவர் மருந்தின் அளவை மாற்றிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் சுகன்யாவுக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. முத்துராணி அழுதபடி போன் செய்தபோது எலிசபெத் போனிலேயே ஜெபித்துவிட்டு, "மாத்திரை குடுத்தியாட்டி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக வலிப்பு வரவில்லை. பிள்ளை இப்போது பள்ளி கபடி அணியில் இருக்கிறாள்; மருந்தை டாக்டரே படிப்படியாகக் குறைத்துவருகிறார்.

கூட்டம் குறைந்துபோனது. கிங்ஸ்லி கொஞ்ச நாள் அத்தையோடு பேசாமல் இருந்தான். பிறகு கிறிஸ்துமஸுக்குப் பிரியாணியோடு வந்து நின்றான். எலிசபெத் மறுபடியும் கோயிலில் பாயில் உட்காருகிறாள். நாற்காலி ஆசை அடியோடு போய்விட்டதா என்று குருவானவர் வேடிக்கையாகக் கேட்டதற்கு, "பிசாசு சிலகாலந்தான் விலகிப்போனான்னு எழுதியிருக்குல்லா ஐயா. திரும்ப வருவான். வரட்டும், வசனம் எங்கிட்ட இருக்கு" என்று சிரித்தாள்.

போன நடவில் ஒருநாள், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வரப்பில் தடுமாறிக்கொண்டு வந்தார்.

"தீர்க்கதரிசினி அம்மா இங்கனதான் இருக்காவளா?"

எலிசபெத் நாற்று முடிச்சை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்படி யாரும் இங்க இல்ல அண்ணாச்சி. ஜெபம் பண்ணணும்னா நான் பண்ணுதேன். கால் கழுவிட்டு வாரேன், நிழலுக்குப் போங்க. உடம்புக்கு என்ன செய்யுது? டாக்டரப் பாத்தியளா?"