வரிசை முடியும் வரை உட்காரக் கூடாது

கோட்டைச்சாமிக்குக் கோபம் வரவழைக்க அவரைத் திட்ட வேண்டியதில்லை. "கால் எப்படி இருக்கு?" என்று அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டவர் சம்பந்தியாகவே இருந்தாலும் அன்றைக்கு மரியாதை கெட்டுப்போகும்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, நரம்புகள் பச்சையும் நீலமுமாகப் புடைத்துக்கொண்டு, மண்புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்ததுபோலச் சுருண்டு கிடந்தன. வேட்டியை மடித்துக் கட்டினால் ஊரே பார்க்கும். இறக்கிவிட்டால் வேலை ஓடாது. பார்த்தவர்கள் பார்த்தோம் போனோம் என்று இருப்பார்களா? டீக்கடையில் ஒருவர் யானைக்கால் ஆரம்பம் என்று பயமுறுத்தினார். எதிர்வீட்டுக்காரி, தூங்கும்போது பாம்பு தாண்டியிருக்கிறது, அதற்கு மந்திரிக்க வேண்டும் என்றாள். பெண்டாட்டி சோணையம்மாள் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். சொன்னது பெண்டாட்டி என்பதால் அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சுருளிப்பட்டி வட்டாரத்துத் திராட்சைப் பந்தல்களில் கவாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காய்ப்பு ஓய்ந்த கொடியை எந்த முளைக்கண்ணுக்கு மேலே வெட்டினால் அடுத்த குலை இறங்கும் என்று அவர் நின்று யோசித்ததே இல்லை. கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டு போகும். ஆள் ஆறடிக்கு மேல். மற்றவர்கள் பந்தலுக்கு அடியில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அலைய, அவர் கையை உயர்த்தினால் பந்தல் கம்பி வந்துவிடும். காலை ஏழு மணிக்கு உயர்த்திய கை சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்கும்.

அவருக்குக் கீழே ஆணும் பெண்ணுமாக எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கையில் எடுத்த வரிசை முடியாமல் யாரும் உட்காரக் கூடாது. தண்ணீர் குடிப்பதும் நின்றுகொண்டேதான். உட்கார்ந்தவருக்கு மறுநாள் வெட்டுகிற கத்தரி கிடையாது, வேலையும் கிடையாது. ஒரு பந்தலை நாள் தள்ளித் தள்ளி வெட்டினால் பாதிப் பழம் முன்னால் பழுத்து உதிரும், பாதி புளித்துக்கொண்டு தொங்கும். வியாபாரி எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். அதனால் தோட்டக்காரர்களுக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். "கோட்டைச்சாமி ஆளுக நிக்கிற ஆளுக" என்று கம்பம் வரைக்கும் பேர். அந்தப் பேரில்தான் அவர் வாழ்ந்தார்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் ஜோதிலட்சுமி என்கிற பெண் பாதி வரிசையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது பிள்ளை பெற்று நாலு மாதம். கெண்டைக்கால் இரண்டிலும் நீலநீலமாக நரம்பு.

"கால் கடுக்குதுண்ணே" என்றாள்.

"கால்னா கடுக்கத்தான் செய்யும்" என்றார் கோட்டைச்சாமி. மறுநாள் அவளுக்குக் கத்தரி இல்லை. அவள் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு, வெட்டிப் போட்ட கொடிகளைப் பொறுக்கி விறகுக்குக் கட்டுகிற வேலைக்கு அதே பந்தல்களுக்கு வந்துபோனாள். அது குனிந்தும் உட்கார்ந்தும் செய்கிற வேலை. சட்டம் அதற்குப் பொருந்தாது.

அவருடைய சொந்தக் கால் ஆறேழு வருஷம் கழித்துத்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் ஈயம் ஊற்றினாற்போலக் கனக்கும். கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் விடியும்வரை போகாது. குமுளிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வைத்தியரிடம் தைலம் வாங்கிவந்து, மூன்று மாதம் மேலிருந்து கீழாக அழுத்தி அழுத்தி உருவினார். நரம்பு அமுங்கவில்லை. தோல்தான் கறுத்து அரிப்பெடுத்தது. சொறிந்த இடம் புண்ணாகி, கணுக்காலுக்கு மேலே எட்டணா அகலத்துக்குக் குழிவிழுந்துவிட்டது. 2007இல் சோணையம்மாள் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, கையைப் பிடித்துத் தேனி பஸ்ஸில் ஏற்றினாள்.

பெரியாஸ்பத்திரியில் வயதில் சின்னவராக ஒரு டாக்டரம்மா. காலை நிற்கவைத்துப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு, "தோட்டத்துல மோட்டார் இருக்குமே, ஃபுட்வால்வு கெட்டா என்ன ஆகும்?" என்றார்.

"ஏறுன தண்ணியெல்லாம் கெணத்துக்கே எறங்கிரும்."

"காலுக்குள்ளயும் அப்படிச் சின்னச் சின்ன வால்வு இருக்கு. ரத்தத்தை மேல அனுப்பும், கீழ எறங்க விடாது. உங்களுக்கு அது கெட்டுப்போச்சு. எறங்குன ரத்தம் தேங்கித்தான் இப்படிப் புடைக்குது. கெண்டைச்சதைதான் மோட்டார். நடந்தா ஓடும். நீங்க ஒரே இடத்துல நின்னுகிட்டே இருந்தா அது எங்க ஓடும்?"

இத்தனை வருஷத்தில் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்ன முதல் ஆள். சந்தோஷப்பட வேண்டியவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"அப்ப இத்தனை நாளா உருவுன எண்ணெ?"

"ஃபுட்வால்வுக்கு எண்ணெய் போட்டா சரியாகுமா?"

"சரி, வால்வை மாத்துங்க."

"மாத்த முடியாதுங்கய்யா. கெட்டுப்போன குழாயைக் கட்டி எடுத்துருவோம். உள்ள ஆழத்துல நல்ல குழாய் இருக்கு, ரத்தம் அது வழியாப் போயிக்கிரும்."

"அப்ப ஒங்களுக்குக் கவாத்து" என்று சோணையம்மாள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

முதலில் புண் ஆற வேண்டும் என்று சில வாரம் மருந்து வைத்து இறுக்கிக் கட்டினார்கள். ஆறியதும் தொடைவரைக்கும் ஏறுகிற இறுக்கமான காலுறை ஒன்று வாங்கச் சொன்னார்கள். காலையில் கண் விழித்ததும், காலைத் தரையில் வைப்பதற்கு முன்பே மாட்ட வேண்டும். ராத்திரி படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். இரண்டு மாதம் கழித்து அவர் அதைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை.

"பரவாயில்லையே, புதுசு மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"புதுசு போலத்தாம்மா வச்சிருக்கேன். மருந்தடிச்ச பந்தல்ல போட்டா மயில்துத்தக் கறை போகாதுல்ல. இங்கன வாரப்ப மட்டும்தான் எடுக்குறது. மத்த நாளு பட்டு வேட்டியோட பெட்டியில."

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு அன்றைக்கே தேதி எழுதினார். தேதியைப் பார்த்த கோட்டைச்சாமிக்கு மறுபடி எரிச்சல். அது பொன்னுராஜ் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிற வாரம். "கவாத்து முடியட்டும்" என்று சீட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டார்.

கவாத்தின் இரண்டாம் நாள், கீழே கிடந்த ஒரு கொடிக்கட்டையின் வெட்டுமுனை அந்தக் காலில் கீறியது. வலிகூட இல்லை. ஆனால் ரத்தம் பிளாஸ்டிக் குழாயில் ஓட்டை விழுந்தாற்போலப் பீய்ச்சியது. பக்கத்து வரிசையில் நின்ற சங்கிலி, அவரிடமே வேலை பழகி வலதுகையாக இருப்பவன், கத்தரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஏலே, எதுக்கு ஓடியார? வெட்டுன கொடி தண்ணி வடிக்கிறதில்ல? தன்னால நிக்கும். போயி ஒன் வரிசையப் பாரு."

துண்டை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு கையை மறுபடி பந்தலுக்கு உயர்த்தினார். வரிசையில் இன்னும் பன்னிரண்டு கொடிதான் பாக்கி. மேலே ஏறுகிற வழியைக் கட்டு அடைத்ததில் ரத்தம் அதிகமாகத்தான் வந்தது. செருப்புக்குள் பிசுபிசுவென்று நிறைந்தது. எட்டுப் பேரில் ஒருவருக்கும் அவரை உட்காரச் சொல்லத் தைரியம் இல்லை.

சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமிதான் வந்தாள்.

"அண்ணே, படுங்க."

"வரிசை முடியட்டும்."

"வரிசை இங்கனயேதான் கெடக்கும். நீங்க முடிஞ்சு போவீக. படுங்கண்ணே!"

தலை சுற்றியதால்தான் படுத்தார், அவள் சொன்னதால் இல்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். அவள் துண்டு முடிச்சை அவிழ்த்தாள். குதிகாலைத் தூக்கிக் கல்தூணில் உயரமாகச் சாய்த்து, மடித்த துணியைக் கீறலின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்தாள். மூன்றாவது பிள்ளையின்போது அவளுக்கும் இப்படி ஒருநாள் நரம்பு உடைத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததாம். பத்து நிமிஷத்தில் ரத்தம் நின்றது. மண்ணில் மல்லாந்து கிடந்த கோட்டைச்சாமியின் கண்ணுக்கு நேர் மேலே அந்தப் பன்னிரண்டு கொடியும் வெட்டாமல் தொங்கின. அவருக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை, அவமானத்தால்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. கால் தேறியது, கனம் குறைந்தது. காலுறை தினமும் விடிவதற்கு முன்பே ஏறியது. சோணையம்மாளே நின்று மாட்டிவிட்டாள். "நடக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனா அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து காலை நீட்டணும். மறுபடி நின்னுகிட்டே இருந்தா, இருக்குற நல்ல குழாயும் கெட்டுப்போகும்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த கவாத்துக்குக் கோட்டைச்சாமி அதே பந்தலுக்குப் போனார். இப்போது பொறுப்பு சங்கிலி கையில். பரவாயில்லை, பழகின பையன், கால் முழுசாகத் தேறினதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அரை மணி ஆயிற்று. கெண்டையில் இழுப்பு தெரிந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பாதி வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டினார். பந்தல் முழுக்கக் கத்தரிச் சத்தம் நின்றுபோனது.

சங்கிலி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, வரிசை முடியலயே."

"டாக்டரு சொல்லிருக்காகடா. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. ஆனா இன்னைக்கு ஒங்கள விட்டா நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு வாளியத் தூக்கிட்டு வந்துருவாய்ங்க. நாளையிலருந்து நீங்க வர வேணாம். கோவிச்சுக்காதீகண்ணே, நீங்க போட்ட சட்டந்தான்."

கோட்டைச்சாமி வரப்பில் நின்ற தோட்டக்காரர் பொன்னுராஜைப் பார்த்தார். அவர் கவனமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலியைத் திட்டுவதற்கு வாய் திறந்தார். வந்த வார்த்தை எல்லாமே அவர் இதே இடத்தில் நின்று மற்றவர்களைச் சொன்ன வார்த்தை. கத்தரியை அவன் கையில் கொடுத்தார். ஆறடி உடம்பு முழுக்க ஆத்திரம். அதை யார்மேல் இறக்கிவைப்பது என்றுதான் தெரியவில்லை.

பந்தல் ஓரத்தில் ஜோதிலட்சுமி சுள்ளிக்கட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்ட முடியாமல் நின்றார்.

"ஏத்தா, அன்னைக்கு ஒனக்கும் இப்பிடித்தான் கடுத்துச்சா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிச்சை ஒருமுறை இழுத்து இறுக்கினாள்.

"கால்னா கடுக்கத்தான்ணே செய்யும்" என்றாள். பிறகு, தான் உட்கார்ந்திருந்த வாளியை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

அவர் உட்கார்ந்தார்.