எள்ளுக்குப் பதினோரு பெயர்

படம் போட்ட பக்கத்தை அவர் பார்ப்பதே இல்லை. டப்பா கைக்கு வந்ததும் திருப்பிவிடுவார். பின்பக்கத்து மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் அடைத்து வைத்திருக்கிறார்களே, அங்கேதான் பூதக்கண்ணாடி போய் நிற்கும். அதையும் கடைசிப் பெயரிலிருந்து மேலே ஏறித்தான் படிப்பார். ஏன் இப்படி என்று கேட்டால், "ஒளிஞ்சுக்க நெனைக்கிறவன் கடைசி பெஞ்சுலதானே உக்காருவான்" என்பார்.

உலகத்துச் சாமான்களையெல்லாம் விற்கும் ஒரு கடையின் பின்கட்டில் அவருக்கு ஒரு மேசை. வரும் டப்பாக்களின்மேல் தமிழ் லேபிள் ஒட்டுவது வேலை. லேபிள்கள் அச்சகத்திலிருந்து தயாராகத்தான் வருகின்றன. வெறுமே ஒட்டினால் போதும். ஆனால் அவருக்கு வெறுமே ஒட்டத் தெரியாது. ஒவ்வொன்றையும் படித்து, மூலத்தோடு ஒத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் தனியே எடுத்து வைத்துவிடுவார். பக்கத்தில் ஒரு பழைய டைரி இருக்கும். அதில் ஒரு பக்கம் சோயா வீடு, ஒரு பக்கம் கோதுமை வீடு, ஒரு பக்கம் மரவள்ளி வீடு. சோயா வீட்டில் டோஃபு, மிசோ, டெம்பே, நாட்டோ என்று நாலு பிள்ளைகள். ஹம்முஸும் ஃபலாஃபலும் கொண்டைக்கடலை வயிற்றில் பிறந்தவை. கூஸ்கூஸ் பார்வைக்குத் தினை மாதிரி இருந்தாலும் கோதுமை வீட்டு ஆள். "பக்வீட்டுக்குப் பேருல மட்டுந்தான் கோதுமை. ரத்த சம்பந்தமே கிடையாது" என்று ஒருநாள், கடையில் கணக்கெழுதும் எனக்கு ரகசியம் போலச் சொன்னார். கடையில் எல்லோரும் அவரை வம்சாவளி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அச்சகத்தார்மேல் அவருக்குக் கோபம் வந்தது கரி விஷயத்தில். மேற்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து வறுத்த ஒரு மாவுக்கு அதுதான் பெயர். அச்சகத்தார் 'மேற்கு ஆப்பிரிக்கக் கரி, ஒரு கிலோ' என்று அடித்து அனுப்பிவிட்டார்கள். இறைச்சி சுடுவதற்கு என்று ஒருவர் இரண்டு பை வாங்கிப்போய், எத்தனை விசிறியும் பற்றவில்லை என்று மறுநாள் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்தப் பைகளில் அக்காவின் குண்டு எழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: 'மரவள்ளி மாவு. அடுப்பில் போடுவதற்கு அல்ல, தட்டில் போடுவதற்கு.'

இந்தச் சாமான்களில் முக்கால்வாசியை அவர் ருசி பார்த்ததில்லை. பெயர்களைத்தான் ருசிப்பார். அந்தந்த நாட்டுக்காரர்கள் கடைக்கு வந்தால் விடமாட்டார். டப்பாவை நீட்டி, வாயால் சொல்லச் சொல்லி, கூடவே சொல்லிப் பார்ப்பார். மெக்சிகோவிலிருந்து படிக்க வந்த ஒரு பெண்ணிடம், ஒரு பெயரின் நடுவில் வரும் 'ஹ'வுக்காகக் கால்மணி நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து, வாங்க வந்ததை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் இந்த மேசைக்கு வந்ததே ஒரு சண்டையால். கல்யாணமான புதிதில், பஸ் ஓட்டுநரான அவர் கணவர், ஒரு நண்பர் வீட்டில் ஒரு டின் ஹல்வாவில் துண்டு எடுத்து வாயில் போட்டார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே எள் ஆகாது. பத்து நிமிடத்தில் முகம் பூசணிக்காய் ஆயிற்று. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் ஆள் பழையபடி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்காதான் உட்காரவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு அதை வாங்கிய இந்தக் கடைக்கே வந்தார். லேபிளில் 'தஹினி' என்று இருந்தது. "தஹினின்னா ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாது. எள்ளை அரைச்சா அதுக்கு அந்தப் பேராம். அதை எள்ளுன்னே எழுதினா கை சுளுக்கிக்குமா?" என்று நின்றாராம். அப்போதைய முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு, இனி நீங்களே வந்து படித்துப் பார்த்து ஒட்டுங்கள் என்று நாற்காலி போட்டுக்கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடம் ஆகிறது. இப்போது அந்த முதலாளியின் மகன்தான் முதலாளி. டைரியில் எள்ளுக்கு மட்டும் இரண்டு பக்கம். சிம்சிம், சுசம், கோமா, ஜெர்ஜெலிம், பென்னே என்று பதினோரு பெயருக்கு நீளும் பட்டியல். "போலீஸுக்குப் பயந்தவன் மாதிரி ஊருக்கொரு பேரு வெச்சிருக்கு" என்பார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உலக உணவு விழா. மோலே என்று மெக்சிகோ நாட்டுக் குழம்பு ஒன்று, மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்து அரைப்பது. அதில் நூற்றிருபது குட்டி டப்பா கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் அங்கேயும் ருசி பார்க்கலாம், மீதியை வீட்டுக்கும் எடுத்துப்போகலாம். பதினொரு மணிக்குச் சரக்கு அங்கே இருக்கவேண்டும். ஒன்பதுக்கு லேபிள் வந்தது. அக்கா கடைசியிலிருந்து படித்துக்கொண்டு ஏறினார். நாலாவது பெயரில் பூதக்கண்ணாடி நின்றுவிட்டது. 'அஹோன்ஹொலி.'

முதலாளியைக் கூப்பிட்டு, இதை ஒட்டமாட்டேன் என்றார். மெக்சிகோவில் எள்ளுக்கு அதுதான் பெயர். முதலாளி நல்ல பிள்ளைதான். ஆனால் வாசலில் வேன் காத்திருந்தது.

"அக்கா, நாம எதையும் மறைக்கலையே. லேபிள்ல இருக்குல்ல?"

"இருக்கு தம்பி. இதைப் படிச்சிட்டு, என் பிள்ளைக்கு இது ஆகாதுன்னு எந்த அம்மா எடுத்து வெப்பா?"

டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். டீச்சர் நூற்றிருபது வீட்டுக்கும் கூடவே போவாரா என்று கேட்டார் அக்கா. முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தார். 'இதில் எள் இருக்கிறது' என்று ஒவ்வொரு லேபிளிலும் எழுதத் தொடங்கினார். வேன் ஓட்டுநர் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவரும் ஒரு பேனா கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் எழுதிய முதல் ஏழும் 'எல்' ஆகிவிட்டது. அக்கா அவற்றை அடித்துத் திருத்திவிட்டு, அவரை ஒட்டும் வேலைக்கு மாற்றினார். நாற்பதாவது டப்பா முடியும்போது அறைக்கதவு திறந்தது. முதலாளி வந்தார். ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். அவருடைய 'ள்' நன்றாகவே இருந்தது. பத்தே முக்காலுக்கு வேன் கிளம்பியது.

மூன்று மணிக்கு டீச்சர் போன் செய்தார். முதலாளி நின்றபடியே நெடுநேரம் கேட்டார், பிறகு பின்கட்டுக்கு வந்து சொன்னார். மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று சிவப்பெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தனக்கு எள் ஆகாது என்று டப்பாவைத் தோழியிடம் கொடுத்துவிட்டதாம். வெறும் சோள ரொட்டிக்குக் குவாக்கமோலே தொட்டுக்கொண்டு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாம். கூட்டிப்போக வந்த அம்மா, இதை எழுதியது யார் என்று விசாரித்தாராம்.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா முகம் மலரும் என்று பார்த்தேன். அது சுருங்கியது.

"குவாக்கமோலேன்னீங்களே தம்பி. அதுலயும் மோலே இருக்கே? அதுக்குள்ள என்னென்ன போட்டாங்கன்னு கேட்டீங்களா?"

முதலாளி கேட்கவில்லை. மறுபடி போன் போட்டார். வெண்ணெய்ப்பழம், வெங்காயம், எலுமிச்சை, உப்பு, அவ்வளவுதான் என்று டீச்சர் சொன்ன பிறகே அக்கா நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப சொந்தமில்ல. பேரு மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு" என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

முதலாளி போனைக் கீழே வைக்கவில்லை. அடுத்தபடியாக அச்சகத்தை அழைத்தார். "நாம எழுதுறது படிக்கிறவங்களுக்குப் புரியலன்னா அது லேபிளா, வெறும் காகிதமா?" என்று ஆரம்பித்து, ஏதோ பல வருடங்களாகத் தானே சொல்லிக்கொண்டிருப்பதைப்போல, எள்ளைப் பற்றி அடுக்கிக்கொண்டே போனார். வெளியே லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கும் சத்தத்தில் அவர் குரல் மறுமுனைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு முறை திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது.

அக்கா எழுந்துபோய், தெருப்பக்கக் கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.