ரெண்டு கைத் தண்ணீர்

நான் சொன்ன ஒரு பொய்யை ஒரு மனுஷன் ஆண்டவரின் பதில் என்று எடுத்துக்கொண்டார். இதை எழுத மூன்று தடவை டைப்ரைட்டரில் காகிதம் சொருகி, மூன்று தடவையும் உருவிவிட்டேன். இந்தத் தடவை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போகிறேன். நிறுத்தினால் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன்.

போன சித்திரையில் நடந்தது. புதுக்கோட்டையில் காலேஜ் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர் ஆவூரிலிருந்து ஆறேழு மைல். இருக்கிற கொஞ்சம் வீடும் வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள் வீடுதான். கோயில் உண்டு, சாமியார் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆவூரிலிருந்து வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் சொல்லி முடித்துவிடுவார். ஆக, மாதத்துக்கு ஒரு நாள்தான் நன்மை வாங்க முடியும். அப்பத்தின் வடிவத்தில் ஆண்டவரை நாக்கில் வாங்குவதைத்தான் நன்மை வாங்குவது என்போம். வாங்குகிறவன் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட பல்லில் படாமல் இருக்க வேண்டும். அது சட்டம், மீறி வாங்கினால் பெரும் பாவம். பால் குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டம்.

எனக்கும் தெரியும். ஆனால் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். "நல்லது கெட்டது பார்க்க எனக்குக் கண்ணு இருக்கு, ஆண்டவர் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்ல" என்று ரூம்காரர்களிடம் பேசியிருக்கிறேன். அவர்களும் பலே என்றார்கள். பலே என்று சொல்ல ஆள் இருந்தால் நான் எதையும் பேசுவேன்.

அந்த ஞாயிறு விடியும்போதே ஊர் முழுக்கக் கோயிலில் உட்கார்ந்துவிட்டது. அன்று ஒருவருக்குப் புது நன்மை, முதல் தடவையாக நன்மை வாங்குகிற நாள். பையன் இல்லை, முப்பது வயது வண்டிக்காரர். அன்னவாசல் பக்கத்து ஆள். எங்கள் தெருப் பெண்ணைக் கட்டி, ஞானஸ்நானம் வாங்கி, எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். எழுத்து வாசனை இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் வண்டி ஓட்டும்போதும் சொல்லிச் சொல்லி, ஒன்றரை வருஷத்தில் மந்திரங்கள் அத்தனையும் மனப்பாடம் செய்திருந்தார். போன மாதம் சாமியார் கேள்வி கேட்டுப் பார்த்து, "அடுத்த பூசையில ஒனக்கு நன்மை" என்று சொல்லியிருந்தார். நான் அவரை அண்ணே என்பேன். வயதில் சின்னவனான என்னை அவர் தம்பி, வாங்க போங்க என்பார். காலேஜ் படிப்புக்கு மரியாதை.

சாமியாரைக் காணோம். யுத்த காலம், சைக்கிள் டயர் கிடைக்கவில்லை, நடந்துதான் வருவார் என்றார்கள். ஒன்பது மணி ஆனது, பத்து ஆனது. வெயில் ஓட்டில் இறங்கி உள்ளே வெந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. நான் மெல்ல நழுவிக் கோயிலுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு வாளியை இறக்கி இறைத்து, வாளியோடு தூக்கி மடக் மடக்கென்று குடித்தேன்.

வாளியை இறக்கியபோது எதிரே அந்த அண்ணன் நிற்கிறார். கையில் இரண்டு மாட்டின் கயிறு.

"தம்பி, நன்மை வாங்கலையா நீங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நன்மைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால், பையன் பட்டணத்தில் என்ன பாவம் பண்ணினானோ என்று பெண்கள் பக்கத்தில் பேச்சுக் கிளம்பும். அரை நிமிஷத்தில் கதை கட்டினேன்.

"தண்ணி கணக்குல வராதுண்ணே. சோறு பலகாரந்தான் கூடாது. ரோமாபுரியிலேருந்து புதுசா உத்தரவு வந்திருக்கு."

"அப்படியா? உபதேசியாரு சொல்லலையே."

"அவருக்கு இன்னும் வந்து சேந்திருக்காது. டவுன்ல எல்லாருக்கும் தெரியும்."

அவர் உதடு வெடித்திருந்தது. சந்தைக்கு நெல் மூட்டை இறக்கிவிட்டு ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்த ஆள். அப்போதும் அவர் வாளியைத் தொடவில்லை. நான்தான் எடுத்து நீட்டினேன். "குடிங்கண்ணே" என்றேன். இரக்கத்தில் சொன்னதாக எழுத ஆசைதான். அவரும் குடித்துவிட்டால் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார் என்ற கணக்கு அது. மாடுகளுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தில் ரெண்டு கை அள்ளிக் குடித்தார்.

இதோடு போயிருக்கும். அவர் கோயிலுக்குள் வந்ததும் நேராக உபதேசியாரிடம் போனார்.

"உபதேசியாரே, சின்னப் புள்ளைக தவிச்சுப் போச்சுக. தண்ணி மட்டும் குடுக்கலாமுல்ல? அது தோசமில்லையாமே."

"எவன் சொன்னான்?"

அண்ணன் என் பக்கம் பார்த்தார். நான் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார்.

"நானாத்தான் நெனச்சேன்" என்றார்.

"நீ குடிச்சியா?"

"ரெண்டு கை."

"ஒண்ணர வருசம் தலகீழாப் படிச்சிட்டு, ரெண்டு கைத் தண்ணிக்கு வித்துப்புட்டியேப்பா" என்றார் உபதேசியார். ஆண்கள் பக்கத்தில் யாரோ, "மாடு குடிக்கும்போது கூடவே வாய வச்சிருப்பாரு" என்றார். சிரிப்பு பரவியது. அண்ணனின் மனைவி இரவல் வாங்கிக் கட்டியிருந்த பட்டுச் சேலையின் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன்.

சாமியார் வந்து சேர்ந்தபோது விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. "தெரியாமச் செஞ்சது. அடுத்த மாசம் பாப்போம்" என்றார். நன்மை நேரத்தில் அண்ணன் கடைசி வரிசையில், புது நன்மை வாங்காத பிள்ளைகளோடு முழங்காலில் இருந்தார். வயிறு நிறையத் தண்ணீரோடு நான் முன்னால் போய் நாக்கை நீட்டினேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பது நாள் கழித்து வண்டிக்கார அண்ணனின் கூடப்பிறந்த தமையன் அன்னவாசல் பக்கத்திலிருந்து வந்தார். நான் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். அவர்கள் வீடு எதிர்வீடு, எல்லாம் காதில் விழுந்தது.

"வெள்ளிக்கிழம நம்ம ஆத்தா கோயில்ல கெடா வெட்டு. கெடாக் கயிறு ரெண்டாவது மகன்தான் புடிக்கணும். வழக்கம் ஒனக்குத் தெரியும்ல."

"நான் இப்ப அதுக்கு வாரதில்லண்ணே."

"என்னடா வாரதில்ல? ஒங்க சாமியே ஒன்னய வேணாம்னு தள்ளிருச்சாமுல்ல. ஊரு பூராச் சிரிக்குது. எங்கிட்டும் இல்லாம நடுவுல நிக்கப் போறியா? நாங்க ஒன்னயத் தள்ளலடா. ஆத்தா பாத்துக்கிட்டே இருக்கு. வந்து சேரு."

அவர் பேச்சில் மிரட்டல் இல்லை, பாசம்தான் இருந்தது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

மறுநாள் அண்ணன் என் கட்டிலுக்கு வந்து தரையில் குந்தினார். கிணற்றடியைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று பதில் தயார் செய்தேன். புது உத்தரவை ரத்துப் பண்ணிவிட்டார்கள் என்று சொல்வதாக இருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"தம்பி, படிச்சவுகளா ஒரு ரோசன சொல்லுங்க. நான் தெனமும் ஒண்ணுதான் கேக்குறேன். ஆண்டவரே, எனக்கு வழி தெரியாது, நீரே கூட்டிட்டுப் போவும்னு. அந்த வாசகந்தான் எனக்குப் பிடிச்சது. இம்புட்டு நாளும் கூட்டிட்டுத்தான் வந்தாரு. அன்னிக்குக் கோயில் வாசல் வரைக்கும் கூட்டியாந்து, நீ போகாதன்னு நிறுத்திட்டாரே. அது எதுக்கு? ஒன்னய எனக்கு வேணாம், ஒங்க ஆளுககிட்டப் போன்னு சொல்றாரா? அப்படித்தான்னா நான் போயிருறேன். அவரு சொல்லி நான் கேக்காம இருக்கக் கூடாதுல்ல."

இந்த மனுஷன் என் பொய்யை ஆண்டவரின் குரல் என்று நம்பி, ஆண்டவர் பேச்சைத் தட்டக்கூடாது என்பதற்காகவே ஆண்டவரை விட்டுப் போகப் போகிறார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கிறது. அடுத்த பூசை அதற்கப்புறம்தான். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். அந்த நிலையிலும் அதுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, அன்னவாசல் பாதையைப் பார்த்து வண்டி. மனைவி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்து நின்றாள். நான் போய் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, உத்தரவும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன். தண்ணி குடிச்சத நீங்க பாத்துட்டீங்க, அதான். ஆண்டவர் ஒங்கள நிறுத்தல. நான்தான் நிறுத்துனேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப அவரு வேணாம்னு சொல்லலையா?"

"இல்லண்ணே."

"சொல்லவே இல்லையா?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு சட்டென்று என்னைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, அன்னிக்கு நீங்க நன்மை வாங்குனீகள்ல?"

"ஆமா."

"தண்ணியக் குடிச்சிட்டா?"

நான் தலையைக் குனிந்தேன். என்னால் போன அவருடைய புது நன்மை, ஊர்ச் சிரிப்பு, அவர் மனைவியின் அழுகை, ஒன்றும் அவருக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை. எனக்காகப் பயந்துபோய் நின்றார். எனக்கே அந்தப் பயம் அதுவரை வரவில்லை.

"ஏறுங்க" என்றார்.

"எங்கண்ணே?"

"ஆவூருக்குத்தான். சாமியாரு இருப்பாரு. இத வச்சுக்கிட்டு இன்னொரு ராத்திரி படுக்கக் கூடாது."

வண்டியை ஆவூர் பக்கம் திருப்பினார். வழி முழுக்கச் செபமாலை சொன்னார். அவர் பாதி சொன்னால் நான் மீதி சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு இடத்தில் மறந்துவிட்டது. அவர் எடுத்துக் கொடுத்தார். எதிரே வந்த ஒரு வண்டிக்காரர், "என்னப்பா, இன்னிக்கு ஒங்க ஊர்ல கெடா வெட்டுல்ல, நீ இங்கிட்டுப் போற?" என்று கேட்டார். "தம்பிக்கு அவசரமா ஒரு வேல இருக்கு" என்றார் அண்ணன். நான் வைக்கோலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆவூரில் பாவத்தைச் சொல்லும் மரக்கூண்டில், பாவசங்கீர்த்தனத் தொட்டியில், முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் சொன்னார்: "அவன் பேரக் கெடுத்தது நீ. திருப்பிக் குடுக்க வேண்டியதும் நீ. அடுத்த பூசைக்கு முன்னாடி ஊர்ல சொல்லணும். சொல்லிட்டு நன்மை வாங்கு. வெக்கமா இருக்குன்னு பின்னால ஒதுங்கி நிக்காத. அதுவும் திமிருதான்."

"என்னால முடியுமான்னு தெரியல சாமி."

"ஒன்னால முடியாது. கேளு. தெனமும் கேளு. அவன் கேக்குறான்ல, அதே மாதிரி."

வெளியே வந்தபோது அண்ணன் புளியமரத்தடியில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அன்னவாசல் பக்கத்தில் கிடாக் கயிறை வேறு யாரோ பிடித்திருப்பார்கள். அதற்கு அவர் பிற்பாடு வாங்கிய ஏச்சும், அவருடைய அண்ணன் ஆறு மாதம் பேசாமல் இருந்ததும் தனிக்கதை. அதிலும் என் பங்கு உண்டு.

அடுத்த பூசை நாள் வந்தது. முதல் மணி அடித்தபோது உபதேசியாரிடம் போகலாம் என்று எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். இரண்டாம் மணிக்குத்தான் போனேன். காதோடு சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத என்கிட்ட குசுகுசுன்னு சொல்லி என்னா? அன்னிக்குச் சிரிச்சவுக பூரா அந்தா உக்காந்திருக்காக. அங்க சொல்லு."

சொன்னேன். காலேஜ் டிபேட்டில் கப்பு வாங்கின வாய் திக்கித் திக்கி நாலு வரி சொன்னது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. அம்மா முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். அண்ணனுக்குத்தான் சங்கடம். "இத எதுக்கு இப்ப..." என்று முனகிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நன்மை நேரத்தில் முதல் ஆளாக அவரைக் கூப்பிட்டார்கள். போய் முழங்காலிட்டார், வாங்கினார், கைகூப்பித் திரும்பி வந்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

வரிசை குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கால் எழவில்லை. ஊர் கண் முழுக்க என் முதுகில் இருந்தது. ஆண்டவரே, எழுந்திருக்க வையும், எனக்கு வராது என்று கேட்டேன். வார்த்தை அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் நான் நிஜமாகச் சொன்ன செபம் அது ஒன்றுதான். கடைசி ஆளாக எழுந்து போனேன்.

இப்போது தினமும் அதையே கேட்கிறேன். திருக்கோகர்ணம் ரூமில் மற்ற மூன்று பேரும் பார்க்கத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சில நாள் போர்வைக்குள் கேட்டுவிடுகிறேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் முந்தானை அவள் முகத்தின் மேலேயே இருந்தது.