மைதானத்தில் பன்றி இல்லை

எங்கள் மக்காச்சோளக் காடு பொட்டிபுரத்துக்கு மேற்கே, மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. விடிகாலையில் இறங்கும் காட்டுப்பன்றிகளை ஐந்து வருடமாக விரட்டி வந்தது எங்கள் கோம்பை நாய்தான். பன்றி திரும்பி முறைத்தாலும் அவள் பின்வாங்கியதில்லை. அதனால் போடியில் நாய்க் கண்காட்சி என்று தட்டி வைத்ததுமே என் கணவர் முடிவு செய்துவிட்டார்.

"மொதப் பரிசு நமக்குத்தான். டிவி பக்கத்துல கப்பு வைக்க எடம் ஒதுக்கு."

அவள் என் சொல்லுக்கு மட்டுமே கட்டுப்படுவாள். ஆகவே மைதானத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியது நான். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். நடுவர் வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. நாயின் பல்லைப் பார்த்தார், நெஞ்சைத் தடவினார், பின்னங்காலை மடக்கி நீட்டினார். "இன்னொரு தடவை ஓடுங்க" என்றார். பிறகு, "இப்போ மெதுவா நடங்க" என்றார். மற்றவர்களை ஒரே சுற்றோடு அனுப்பியவர் என்னை மட்டும் மூன்று சுற்று விட்டதும் பரிசு உறுதி என்றே நினைத்தேன். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே என் கணவர் பக்கத்தில் நின்றவர்களோடு கைகுலுக்கவே தொடங்கிவிட்டார்.

முதல் பரிசு காரில் வந்த ஒரு பளபளப்பான நாய்க்குப் போனது. மைக் சத்தத்துக்கே அது எஜமானின் கால்களுக்கிடையில் ஒளிந்துகொண்டது. எங்களுக்கு மூன்றாமிடம்கூட இல்லை.

என் கணவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "மேடம், அந்த நாய் பன்னிய ஒருக்காவாச்சும் பாத்திருக்குமா? எங்க நாய் நேருக்கு நேரா நிக்கும்!"

அந்த அம்மா கோபப்படவில்லை. "நிக்கும் சார், நம்புறேன். ஆனா இந்த மைதானத்துல பன்னி இல்லையே. நான் பாக்குறது உடம்பும் நடையும்தான். உங்க நாய் இடது பின்னங்கால்ல பாரம் வைக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட காட்டுங்க."

லோடு ஆட்டோவில் திரும்பும்போது என் கணவர் பொருமிக்கொண்டே வந்தார். "ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருந்தா குடுத்திருப்பாக."

மறுநாள் காலை அவளைக் கவனித்தேன். முன்னங்கால்களை ஊன்றி, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் பின்பக்கத்தைத் தூக்கினாள். காட்டின் கல் சுவரைத் தாண்டிக் குதிக்காமல் சுற்றிப்போய் நுழைந்தாள். சில மாதமாகவே அப்படித்தான். விவரம் கூடிவிட்டது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"ஏங்க, அந்தம்மா சொன்னது சரிதாங்க" என்றேன். அவர் காபியைக் குடித்தார். குடித்து முடித்ததும் ஆட்டோவுக்கு போன் போட்டார்.

எப்போதோ பன்றி முட்டியதில் இடுப்பெலும்பு விரிசல் விட்டு, தானாகவே கோணலாகக் கூடியிருந்தது. "இத வச்சுக்கிட்டா ஓடுச்சு?" என்று கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். என் கணவர் அவள் காதைத் தடவிக்கொண்டே, "ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல ஆத்தா" என்றார்.

மருத்துவர் இரண்டு மாதம் ஓய்வு என்றார். தட்டி விரட்டத் தகர டின்னோடு விடிகாலையில் காவலுக்கு என் கணவரே கிளம்பினார். முதல் நாளே வெரசாகத் திரும்பி வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அது நின்னு மொறைக்குதுடி!"

கண்காட்சி விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. தைரியத்துக்கு மார்க் இல்லாத போட்டி என்ன போட்டி என்பார் அவர். தைரியத்தை மட்டுமே பார்த்து நாம் காலைப் பார்க்காமல் விட்டோமே என்பேன் நான். அவள் தேறிவிட்டாள். அடுத்த கண்காட்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். மார்க் போடுவதற்கு முன்னால் நடுவரம்மாவை ஒரு நாள் விடிகாலை நம் காட்டுக்குக் கூப்பிட வேண்டுமாம்.

"டீ நாம குடுத்துருவோம்" என்கிறார்.