ஜைபு டீச்சர் உள்ளே விட்ட துணி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. ஜைபு டீச்சரின் தம்பி மகள் பேசினாள். "அத்தை மவுத்தாயிட்டாங்க டீச்சர். அஸர் தொழுகைக்கு முன்னாடி எடுத்துருவாங்க. மூஞ்சி பாக்கணும்னா சீக்கிரம் வந்துருங்க" என்றாள். அடுப்பை அணைத்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரிடம் நான் வாங்க வேண்டிய திட்டு ஒன்று இருந்தது. அதைத் தராமலே கிளம்பிவிட்டார்.

கள்ளக்குறிச்சியில் நம் பள்ளியில் அவரிடம் காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் கற்றுக்கொண்ட உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஜைபுன்னிசா என்ற முழுப்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி தையல் டீச்சர், அல்லது ஜைபு டீச்சர். வாரத்துக்கு இரண்டு வகுப்பில் அவரிடம் நீங்கள் பட்டது கொஞ்சம். ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து நான் பட்டதை யாரிடம் சொல்வது?

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்துச் சாலைகளெல்லாம் மறியலில் கிடந்த வருடங்களில்தான் எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அப்போது நான் ரொம்பப் பருமன். கணக்கு டீச்சர் வசந்தா நடந்து வந்தால் கரும்பலகை மறையும் என்று நீங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். டாக்டர் போட்ட சத்தத்தில் பயந்துபோய்ச் சோற்றை விட்டேன். கல்வராயன் மலையிலிருந்து சாமை கொண்டுவந்து சந்தையில் விற்கும் பெண்களிடம் படிக்கணக்கில் வாங்கித் தின்றேன். சாயங்காலம் கச்சிராயபாளையம் சாலையில் மலையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஐந்தாறு மாதத்தில் பாதி ஆளானேன்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஊர் விட்டால்தானே! புடவை எந்த உடம்புக்கும் ஒத்துப்போகும். காட்டிக் கொடுப்பது ஜாக்கெட்தான். கை தொளதொள என்று ஆடியது, முதுகில் துணி பை மாதிரி தொங்கியது. "டீச்சருக்கு டி.பி.யாம், உருகிக்கினு போவுதாம்" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். என் மகள் மீனாவுக்கு மணலூர்பேட்டையில் ஒரு வரன் அப்போதுதான் கூடி வந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மாவுக்குக் காசநோய் என்று அவர்கள் காதில் விழுந்தால் அதோடு முடிந்தது. கிடைத்த நல்ல இடம் என் ஜாக்கெட் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

ஜைபு டீச்சரிடம் போனேன். அன்றைக்குப் பிடித்த சனி. என்னிடம் இருந்த பதினெட்டு ஜாக்கெட்டையும் கொண்டுவரச் சொன்னார். மேசையில் பரப்பி, காப்பிக் கலர், கறுப்பு, கருநீலம் என மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தள்ளினார். "இந்த மூணு எந்தப் பொடவைக்கும் ஆவும். மாசம் ஒருக்கா சைடு புடிச்சித் தரேன். மீதிய பொட்டில போட்டு மூடுங்க. எடை மூணு மாசம் ஒரே எடத்துல நிக்கற வரைக்கும் புதுசு ஒண்ணும் வாங்கக் கூடாது."

"அதுக்காக வருஷம் பூரா மூணே ஜாக்கெட்டா?"

"இன்னா டீச்சர், உங்க ஜாக்கெட்ட எண்ணிக்கினு இருக்கறதுதான் ஊருக்கு வேலையா?"

ஊருக்கு அதுதான் வேலை என்று எத்தனை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. மாதம் பிறந்தால் பிடித்துத் தருவார். ஆனால் மிச்சத் துணியை வெட்ட மாட்டார். அப்படியே உள்ளே மடித்து அதன் மேல் ஒரு வரித் தையல், அடுத்த மாதம் இன்னொரு வரி. சித்திரை வெயிலில் அக்குளுக்குக் கீழே கயிறு மாதிரி சுருண்டு கிடக்கும் அந்தத் துணி உறுத்திய உறுத்தலை இப்போது நினைத்தாலும் கை அங்கேதான் போகிறது. வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். சண்டை போட்டேன். ஒருநாள் நானே கத்தரிக்கோலை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டார்.

பெண் பார்க்க நாள் குறித்தார்கள். மூன்று ஜாக்கெட் விரதம் போதும் என்று முடிவு செய்து, அவரிடம் சொல்லாமல் கடைத்தெரு தையல்காரரிடம் போனேன். புதுத் துணியில் நான்கு, கச்சிதமாக, உள்ளே ஒரு நூல் துணி மிச்சமில்லாமல். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்றேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அந்த வாரமே சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. மணலூர்பேட்டைக்காரர்கள் எப்படி வருவார்கள்? மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் எங்கே போனாலும் நடை, வீட்டில் சாமைக் கஞ்சி. மேலும் இளைத்தேன். பெண் பார்க்க வரும் நாளன்று காலையில் புது ஜாக்கெட்டை எடுத்துப் போட்டால் கை மறுபடியும் ஆடுகிறது. நான்கும் அப்படியே. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மீனா போய் ஜைபு டீச்சரை அழைத்துக்கொண்டு வந்தாள்.

வந்தவர் அந்த நான்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "எவ்ளோ குடுத்தீங்க? வேணாம், சொல்லாதீங்க, எனக்கு வயிறு எரியும்" என்றார். பிறகு காப்பிக் கலர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, என் மேலேயே வைத்துத் தைக்கத் தொடங்கினார். "மூச்ச புடிங்க. ஊசி குத்துனா கத்தாதீங்க. கத்துனா இன்னும் எச்சா குத்துவேன்." கடைசி முடிச்சுப் போடும்போது வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எங்கள் வீட்டு மனுஷி போலக் காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போனார்.

மாப்பிள்ளையின் அத்தை நேராக விஷயத்துக்கு வந்தார். "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலன்னாங்க? எளச்சிட்டியே!" சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் ஜாக்கெட் ஓரத்தில் நுழையவில்லை. அவ்வளவு கச்சிதம்.

"முடியாம இன்னா?" ஜைபு டீச்சர் முந்திக்கொண்டார். "சக்கரைக்கு டாக்டரு சொன்னாரு, சோத்த கம்மி பண்ணாங்க, நடைய ஜாஸ்தி பண்ணாங்க. சீக்கு வந்து எளச்சவங்க அளவெடுத்து ஜாக்கெட் தெச்சிக்கினு இருப்பாங்களாங்க? பாயில இல்ல படுத்துக்கினு இருப்பாங்க!"

அத்தை சிரித்துவிட்டார். "எங்கூட்லயும் ரெண்டு பேருக்குச் சக்கரதான்" என்றார். தட்டு மாற்றும் நாளை அன்றைக்கே குறித்துவிட்டுப் போனார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் நான் அவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன். கல்யாணம் முடிந்தது, சம்பந்தி வீட்டு விருந்து, பேரன் பிறந்தது, நானும் தின்றேன். உடம்பு மெல்ல ஏறியது. தையல்காரர் தைத்த நான்கும் தோளுக்கு மேல் ஏறவே இல்லை, பாத்திரக்காரிக்குப் போயின. ஜைபு டீச்சர் மூன்று ஜாக்கெட்டையும் வாங்கி, ஒரு வரித் தையலைப் பிரித்து, முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் திரும்பக் குண்டாவேன்னு அன்னிக்கே முடிவு பண்ணி வச்சிட்டீங்களா?" என்று அறையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

"ஒடம்பு போவும், வரும் டீச்சர். துணிய அறுத்துட்டா வராது" என்றார். சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார். எனக்குக் குஸ்கா வைக்கவில்லை. சர்க்கரையாம்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போவேன், சண்டை போட ஆள் வேண்டாமா? சென்ற வருடம் அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற ஏற அந்தக் கட்டுமஸ்தான உடம்பு கரைந்தது. எலும்புத் தோளில் ஜாக்கெட் தொங்கியது. கையில் நடுக்கம், அவரால் ஊசி கோக்க முடியவில்லை. அவரிடமும் ஒரு காப்பிக் கலர் ஜாக்கெட் இருந்தது. "குடுங்க, நான் புடிச்சித் தரேன்" என்று வாங்கி வந்தேன்.

ஆயுளில் முதல் தடவையாக ஒழுங்காக உட்கார்ந்து தைத்தேன். இரண்டு பக்கமும் பிடித்து முடித்தபோது, உள்ளே பிதுங்கி நின்ற துணியைப் பார்த்தேன். படுத்தே கிடக்கிற உடம்பு, காகிதம் மாதிரித் தோல், இது உறுத்துமே என்று தோன்றியது. எத்தனை வருடக் கடுப்பு வேறு. கத்தரிக்கோலை எடுத்தேன். பிடுங்க ஆள் இல்லை. இரண்டு விரல் அகலத்தில் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"உள்ள துணி வுட்டீங்களா டீச்சர்?"

"விட்டேன்" என்றேன்.

ஜாக்கெட்டைப் புரட்டவில்லை. விரலை மட்டும் உள்ளே விட்டு அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் தையலோடு மெதுவாக ஓட்டினார். அடுத்த பக்கமும் ஓட்டினார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று அவருடைய அல்லாவிடமே வேண்டிக்கொண்டேன்.

"நல்லா தெச்சிருக்கீங்க" என்றார்.

இத்தனை வருடத்தில் என் தையலை அவர் பாராட்டியது அந்த ஒருமுறைதான். உறுத்தக் கூடாது என்றுதான் வெட்டினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் தேறி வரமாட்டீர்கள் என்று நினைத்து வெட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அப்போது திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அந்த அடுத்த வாரத்தில்தான் தொலைபேசி வந்தது.

போய்ப் பார்த்தேன். தையலே இல்லாத வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். "ஏன் டீச்சர், ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவருடைய துணிமணிகளையெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். காப்பிக் கலர் ஜாக்கெட், அளவு சரியாக இருந்த ஓர் ஏழைப் பெண்ணுக்குப் போயிற்று என்று தம்பி மகள் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் சதை போட்டால் பிரித்துவிட அதில் துணி இல்லை. வெட்டிய துணி என்னிடம் இருக்கிறது.