தீயோப்பு

ஆங்கில இலக்கணத்தில் பியாட்ரிஸை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஈப்போவில் கான்வென்ட் படிப்பு முடித்து, பாஸ்கலைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்மரத் தோட்டத்துக்கு வந்தவள். அந்தத் தோட்டத்தின் முதல் துரை தன் பங்களாவுக்கு 'தி ஹோப்' என்று பேர் வைத்திருந்தாராம். பிறகு தோட்டத்துக்கும் அதே பேர் நிலைத்தது. வீட்டுப் பேரில் இருந்த 'தி'யும் கூடவே ஒட்டிக்கொண்டது. தொழிலாளர் லயத்துச் சனங்கள் அதை உருட்டித் 'தீயோப்பு' ஆக்கிவிட்டார்கள். கேட்டாலே பியாட்ரிஸுக்குக் காது கூசும்.

"ஊர்ப் பேருக்கு முன்னால 'தி' வராதுங்க. 'தி ஈப்போ'ன்னா சொல்றோம்? ஹோப் எஸ்டேட்டுன்னு சொல்லுங்க."

"நீ படிச்சவ லா, நீயே சொல்லிக்க," என்று பாஸ்கல் சிரித்துவிட்டுப் போவான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு முற்பகல், குசினிக்குப் பின்னால் விளையாடிய மகள் எல்ஸியைப் பாம்பு கடித்துவிட்டது. பாஸ்கல் வெளிக்காட்டில் வேலையில் இருந்தான். பிள்ளையை அள்ளிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கு ஓடிய பியாட்ரிஸ், போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். "ஹோப் எஸ்டேட்" என்று தப்பில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

வண்டி வரவில்லை. பிள்ளையின் கால் வீங்கிக்கொண்டே போனது. இமை செருகும்போதெல்லாம் பியாட்ரிஸ் கன்னத்தைத் தட்டி எழுப்பினாள். செம்மண் பாதையில் தூசி எழுந்தால் எட்டிப் பார்த்தாள். எல்லாம் வெறும் மோட்டார் சைக்கிள்.

ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சவரிநாதன் உள்ளே வந்தார். "ஆம்புலன்ஸ எங்க வரச் சொன்ன, தங்கச்சி?"

"ஹோப் எஸ்டேட்டுக்கு, அண்ணே."

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, அது ரொம்ப தூரத்துல, பாகான் செராய் பக்கம் இருக்கிற தோட்டமாச்சே! நம்மது தி ஹோப் லா!"

வண்டி அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. கிராணி ரப்பர்ப் பால் ஏற்றும் லோரியை எடுக்கச் சொன்னார். அதில் ஏறிய பியாட்ரிஸ், வழியில் ஜெலாப்பாங் தாண்டும்வரை பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தபடியே இருந்தாள். தன் வாயாலேயே பிள்ளையைக் கொன்றுவிட்டோமோ என்ற நினைப்பு அவளை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டாள். "எங்கேருந்து வாறீங்க?"

"தீயோப்பு."

"ஹோப் எஸ்டேட்டா?"

"இல்ல! தீயோப்பு! தீயோப்பு!"

"அம்மா, கத்தாத," என்று எல்ஸி முனகினாள்.

எல்ஸி பிழைத்தாள். பின்னாளில் தோட்டத்தை விட்டுக் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்த பிறகும், ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பியாட்ரிஸ் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். அது யாருக்காகப் போகிறதோ தெரியாது. அவள் வாய் மட்டும், "தீயோப்பு, தீயோப்பு," என்று வழி சொல்லிக்கொண்டிருக்கும்.