பிளாஸ்டிக் மீனும் என் மச்சானும்

தூண்டில் சாமான் விற்கிறவனுக்கு மீன் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; ஆனால் கடைக்கு வருகிற அத்தனை பேரும் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நகைக்கடைக்காரரிடம் யாரும், "நீங்க எத்தனை சங்கிலி போட்டிருக்கீங்க?" என்று கேட்பதில்லை. என்னிடம் மட்டும் கேட்பார்கள். தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த முகத்தோடு விற்றுப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நீங்க எத்தனை புடிச்சீங்க?

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் என் கடை. முதலில் வலை, கயிறு, நைலான் நரம்பு, தூண்டில் முள், ஈயக்குண்டு இவ்வளவுதான் வைத்திருந்தேன். 2005-இல் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போனபோது, மொத்தக் கடைக்காரர் ஒரு பெட்டி பிளாஸ்டிக் மீனை என் தலையில் கட்டிவிட்டார். லூர் என்று பெயர். நரம்பில் கட்டி வீசி, ரீலைச் சுற்றினால் தண்ணீருக்குள் நிஜ மீன் மாதிரி நெளியும்; கொடுவா மீன் அதை இரை என்று நம்பிப் பாய்ந்து கடிக்கும். அப்படித்தான் பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்தேன். மஞ்சக்குப்பத்தில் அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. வெள்ளை உடம்பும் சிவப்புத் தலையுமாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பனாத்துல இதுதான் சார் நம்பர் ஒன். போட்டா கொடுவா விடாது" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "நீங்க இதுல எத்தனை புடிச்சீங்க?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் அந்த மீனைப் பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல நீங்க ஒன்னு புடிங்க. அப்புறம் நான் வாங்கிக்கிறேன்."

பை தூக்கினவன்

எட்வின் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவன், "மாமா, அந்த பிளாஸ்டிக் மீனைப் போட்டுப் பாக்கலாமா?" என்றான். எனக்கும் ஒன்றைப் பிடித்தாக வேண்டியிருந்தது. கடையிலேயே விலை ஜாஸ்தியான ராடு, ரீல், சிவப்புத் தலை மீன் எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டேன். அவனோ பெட்டியின் அடியில் பெயிண்ட் உரிந்து கிடந்த ஒரு பழுப்பு மீனைப் பொறுக்கினான். "ஏன் மச்சான், அது டேமேஜ் பீசு" என்றேன். "தண்ணி கலங்கலா கெடக்கு மாமா. இங்க ஓடுற மடவை மீன் குஞ்சு இந்தக் கலர்லதான் இருக்கு" என்றான்.

உப்பனாற்றுப் பாலத்தடியில் நான் நாற்பது தடவை வீசியிருப்பேன். அவன் மூன்றாவது வீச்சில் ராடை வளைத்தான். தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கொடுவா எழும்பியது. வாயை அகலத் திறந்து தலையை உதறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையைச் சொன்னால், நரம்பு அறுந்து தொலைக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அறுந்துபோகவில்லை. அஞ்சரைக் கிலோ. தெருவே கூடி நின்று பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மா, "யாரு புடிச்சது?" என்று கேட்டதற்கு, அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டே ஸ்டெல்லா சொன்னாள்: "எங்க தம்பி. இவரு பை தூக்கிக்கிட்டுப் போனாரு."

மூன்றாவது கை

வெட்டுவதற்கு முன் பக்கத்து ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். எட்வின் மீனின் தாடையைப் பிடித்துத் தூக்கியிருந்தான். நான் வாலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்திருந்தேன். படம் வந்ததும் எனக்கு ஒரு யோசனை. ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி எட்வின் இருந்த பக்கத்தை வெட்டச் சொன்னேன். மீனும் நானும் மட்டும். பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினேன்.

வியாபாரம் நன்றாகவே போனது. ஒரு வருஷத்துக்குமேல் அந்தப் படத்தைக் காட்டி பிளாஸ்டிக் மீன் விற்றேன். 'சாரு புடிச்சது' என்று வருகிறவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும்போது நான் மறுத்ததே இல்லை. ஒரு நாள் புவனகிரியிலிருந்து ஒரு விவசாயி, ஏரியில் விரால் பிடிக்க நரம்பு வாங்க வந்தார். படத்தின் அருகே போய் நெடுநேரம் பார்த்தார். வாலுக்கு அடியில் ஒரு கை, இன்னொரு கை என்று விரலால் எண்ணினார். பிறகு மீனின் வாய்க்குப் போனார். அங்கே எட்வினின் கை, மணிக்கட்டு வரைக்கும், வாட்ச்சோடு அப்படியே இருந்தது. அவர் கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமான சந்தேகமாகத்தான் கேட்டார்: "அண்ணே, ஒங்களுக்கு மூணு கையா?"

சிதம்பரத்துக் கடை

2008-இல் எட்வின் சிதம்பரத்தில் தூண்டில் கடை போட்டான். காயில் கட்டுகிற இடத்திலேயே ஒரு பக்கம் பலகை அடித்து நாலு ராடு, இருபது முப்பது லூர். கடை திறப்புக்குப் போய் வாய் நிறைய வாழ்த்திவிட்டு வந்தேன். ஆறே மாதத்தில் என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். திட்டக்குடியில் மாட்டு டாக்டராக இருந்தவர் ஒருவர். ஆபீஸ் மீட்டிங்குக்குக் கடலூர் வரும்போதெல்லாம் என்னிடம் ரப்பர் தவளை வாங்குவார். விராலுக்கு அதுதான். அவரும் வரவில்லை. ஒரு நாள் கடை வழியாகப் போனவரை நிறுத்திக் கேட்டேன். "உங்க தவளையை விரால் கடிச்சுக் கடிச்சு விட்டுடுது. எட்வின் தம்பி அதோட காலைப் பாதியா கத்தரிச்சுக் குடுத்தாரு. இப்ப முள்ளு நேரா வாய்க்குள்ள போவுது" என்று அப்பாவியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். அவன் கடைக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டு கவனித்தேன். எட்வின் விற்பதாகவே தெரியவில்லை, கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தான். எந்தக் குளம், ஆம்பல் இலை மூடியிருக்கா, தண்ணி தெளிவா, காலையில போவீங்களா சாயங்காலமா? கேட்டு முடித்து ஒரே ஒரு லூரை எடுத்துக் கொடுப்பான். ஒருத்தரிடம், "உங்க வாய்க்காலுக்கு மண்புழுவே போதும் சார், இது எதுக்கு?" என்று வெறுங்கையோடு அனுப்பினான். அந்த ஆள் என் பக்கத்தில் வந்து டீ சொன்னார். நான் மெதுவாக, "நல்ல கடையா?" என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இங்கயே வாங்குங்க. கடலூர்ல ஒருத்தர் இருக்காரு, அங்க மட்டும் போயிடாதீங்க. அந்தாளுக்கு எல்லாமே நம்பர் ஒன்னு."

நீண்டுபோன முள்

இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

லூரின் வயிற்றில் மூன்று முனை உள்ள முள் தொங்கும். ஒரு தடவை சென்னையிலிருந்து வந்த முள்ளில் ஒரு பாக்கெட் மட்டம். குறடால் பிடித்து இழுத்தால் கம்பி மாதிரி நேராக நீண்டது. திருப்பி அனுப்பத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அந்த நேரம் எட்வின் போன் செய்தான். "மாமா, மூணு முனை முள்ளு தீந்துபோச்சு. சனிக்கிழமை நம்ம டாக்டரை வெள்ளாத்து முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், அவருக்கு ஒரு கொடுவாவாவது மாட்டணும். உங்ககிட்ட இருந்தா வர்றப்ப எடுத்துக்கிட்டு வாங்க. நீங்களும் வரணும்." நம்ம டாக்டர் என்று அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. நல்ல பாக்கெட்டும் மட்டமான பாக்கெட்டும் மேசை மேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கை தவறி எடுத்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்துதான் எடுத்தேன்.

பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் படகு ஏறினோம். நான் கொடுத்த முள்ளை எட்வின் டாக்டரின் லூரில் மாட்டினான். வெயில் சாயத் தொடங்கியபோது டாக்டரின் ராடு வளைந்தது. நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய கொடுவா. ஒரு தடவை முழுசாகத் தண்ணீருக்கு மேலே வந்தது. டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். எட்வின் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விட்டுப் புடிங்க சார், விட்டுப் புடிங்க" என்றான். திடீரென்று நரம்பு தொய்ந்தது; மீன் போய்விட்டது. டாக்டர் படகின் பலகையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். எட்வின் லூரைச் சுற்றி இழுத்துக் கையில் எடுத்தான். மூன்று முனையில் இரண்டு நேராக நின்றன. என் பக்கம் நகர்ந்து வந்து, டாக்டர் காதில் விழாதபடி சொன்னான்: "மாமா, இந்த செட்டுல மீதி இருந்தா யாருக்கும் குடுத்துடாதீங்க. உங்க பேரு கெட்டுப்போயிடும்."

சொல்லிவிட்டேன்

என் பெயரைப் பற்றி அவன் கவலைப்பட்டதுதான் என்னைத் தின்றது. ஒரு வாரம் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. பிறகு ஒரு நல்ல பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போய், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எட்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறபோது ஒருவர் ஈயக்குண்டு கேட்டு வந்தார். எட்வின் அவருக்குப் பொறுமையாக எடுத்துக் கொடுத்து அனுப்பினான். திரும்பியபோது அவன் கண் சிவந்திருந்தது.

"ஏன் மாமா?" என்றான்.

"நீ புடிக்கிறே, மச்சான். நான் விக்க மட்டும்தான் செய்யறேன். எனக்குத் தாங்கல."

அவன் நான் கொண்டுபோன பாக்கெட்டைத் தொடவே இல்லை. மோட்டார் ஒன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். நான் எழுந்தபோது, தலை நிமிராமல் சொன்னான்: "டாக்டர்கிட்ட நீங்களே போயி சொல்லுங்க. அப்புறம் என்கிட்ட பேசுங்க."

திட்டக்குடி

கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஒரு மாட்டின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க, இந்தக் கயித்தைப் புடிங்க" என்றார். மாடு என் காலை இரண்டு தடவை மிதித்தது. எனக்கு வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் கை கழுவியதும் சொன்னேன். டவலில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

டவலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு வயசு அம்பத்தஞ்சு. அந்த மாதிரி மீனு இனிமே மாட்டாது" என்றார். பிறகு கம்பவுண்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நீங்க செஞ்சது அயோக்கியத்தனம். ஆனா ஒன்னு. எட்வின் விடுங்க விடுங்கன்னான், நான் பயத்துல ரீலை இறுக்கிட்டேன். நல்ல முள்ளா இருந்திருந்தா நரம்பு அறுந்திருக்கும். ஊரு பூரா நான் முள்ளு மேலதான் பழி போட்டு வெச்சிருக்கேன். நான் ரீலை இறுக்கின கதையை நீங்க எங்கயும் போயி பேசி அதைக் கெடுத்துடாதீங்க."

பாலத்து மேல ஒருத்தர்

எட்வின் என்னோடு பேச மூன்று மாதமானது. பேசியதும் வியாபாரம்தான் பேசினான். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் நானும் எந்தக் குளம், எந்த நேரம் என்று கேட்கிறேன். தெரியாவிட்டால் எட்வினுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன். அப்படிப் போன் போடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே எதுவோ ஒன்று கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

2012-இல், தானே புயல் அடித்து ஓய்ந்த சில மாதங்களுக்குப் பிறகு, அதே உப்பனாற்றுப் பாலத்தடியில், எட்வின் பொறுக்கிக் கொடுத்த ஒரு கறுப்பு லூரில் எனக்கு ஒரு கொடுவா மாட்டியது. நாலு கிலோ. விட்டு விட்டுப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். எட்வின் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பாலத்தின் மேல் காலையிலிருந்து வெறும் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்கி வந்து மீனைப் பார்த்தார், ராடைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷம் என் முகத்தில் இருந்த பார்வை. அவர் சொன்னார்: "ஒங்களுக்கென்ன சார், கடைக்காரரு. நல்ல பிளாஸ்டிக் மீனையெல்லாம் ஒதுக்கி வெச்சிக்கிட்டு, கொடுவா கடிக்காததைத்தானே எங்களுக்கு விக்கிறீங்க."

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் நின்றதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, எந்த லூரைப் போட்டாலும் எந்த ஆற்றில் போட்டாலும் பக்கத்தில் நிற்கிறவன் பிடிக்கிற மீன் ஒரு கிலோ ஜாஸ்தியாகத்தான் இருக்கும் என்பது மட்டுமே.